ராஜாஜியும் நம் தறிகளும்

விடுதலைப் போரில் முன்னின்றோர் பின்னர் நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்ததைச் சென்ற நூற்றாண்டு பல தேசங்களில் கண்டது. ஆப்பிரிக்காவிலே கானா நாட்டின் குவாமே நிக்ருமா, தம் மக்கள் கைத்தறியில் நெய்த கெண்டே துணியைப் போர்த்தியே உலகின் முன் நின்றார். பழைய சேலம் ஜில்லாவில், ஓசூருக்கருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் சரிதமும் அத்தகையதே. களம்பூர் நெசவாளரும் உழவரும் அறிந்திருக்கவேண்டிய செய்திகள் அதில் உண்டு.

நன்கு நடந்த வக்கீல் தொழிலைத் துறந்து, 1921இல் நம் வேலூர்ச் சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டு, வறண்ட கிராமங்களில் நூற்போருக்கும் நெய்வோருக்கும் கூலி கிடைக்க வழி செய்தார். சென்னை மாகாணப் பிரதமராயிருந்தபோது, 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொணர்ந்தார். 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலானார். அப்பதவி வகித்த இந்தியர் அவர் ஒருவரே. உணவுத் தட்டுப்பாடு மிகுந்த அந்நாளில் மாளிகை நிலத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார்.

1952இல் அவர் சென்னை முதலமைச்சரானபோது, நெய்த துணி விலைபோகாமல் வீடுதோறும் தேங்கிக் கிடந்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே உரியனவாக வேண்டும் என்று மத்திய சர்க்காரை இடைவிடாது வற்புறுத்தினார். கேட்டது முழுதும் கிட்டவில்லை. ஆயினும் ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1953இல் மில் துணிக்குக் கெஜம் ஒன்றுக்கு 3 பை தீர்வை வந்தது. அந்நிதி கைத்தறிக்கும் கதருக்கும் பயன்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் தள்ளுபடி கொடுத்து விற்க முடிந்ததும் அதனாலேயே.

எனினும் ஒன்றை நாம் மறைத்தல் தகாது. 1953இல் அவர் கொணர்ந்த கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகள் பாதி வேளை பள்ளியிலும் மீதி வேளை பெற்றோர் தொழிலிலும் இருக்கச் சொன்னது. தறிக்குழியின் பாடு அறிந்த நம்மவர், தம் மக்கள் அதில்தான் இறங்கவேண்டும் என்ற விதியை ஏற்பரோ? குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவி துறந்தார். பின்வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். கைத்தொழிலை அவ்வளவு நேசித்தவர், தொழிலாளி மகனின் மனத்தை எண்ணாதது நமக்கு இன்றும் வியப்பே.

1959இல் கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தையும் எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். கூட்டுறவு ஏடாகிய நாம் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. நிலத்தை ஒன்றாக்குவது வேறு. நூல் வாங்கவும் நெல் விற்கவும் ஒன்றுசேர்வது வேறு.

1972 டிசம்பர் 25இல் அவர் காலமானார். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது 1985இல். பட்டுச் சேலையும் அந்த ஒதுக்கீட்டில் இடம்பெற்றது.