உடைந்த ஓட்டில் முளைக்கும் கள்ளி



அரபு மொழியில் பொறுமைக்கு 'ஸப்ர்' என்று பெயர். கள்ளிச் செடிக்கு 'ஸப்பார்' என்பார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். பலஸ்தீனத்தில் 1948ஆம் ஆண்டு மக்கள் விரட்டப்பட்டு இடித்துத் தள்ளப்பட்ட கிராமங்கள் பலவற்றின் எல்லையை இன்றும் காட்டி நிற்பது, அம்மக்கள் வேலியாக நட்டு வளர்த்த கள்ளிதான். வீடுகள் போய்விட்டன, வேலி மட்டும் மறுபடி மறுபடி துளிர்க்கிறது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, இரண்டே மணி நேர அவகாசத்தில் வீடு வாசலை விட்டு அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி அகதிகளானார்கள். பெரும்பாலோருக்குப் புத்தளம் அடைக்கலம் கொடுத்தது. 2009இல் போர் முடிந்த பின் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் பல கண்டது, கூரையற்ற சுவர்களையும் நொறுங்கிக் கிடந்த ஓடுகளையுந்தான்.

அந்த உடைந்த ஓட்டிலேயே ஒரு விதையை முளைக்க வைக்கலாம் என்றால் நம்புவீர்களா? மேலே படியுங்கள்.

எது கள்ளி?

நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் உண்மையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நாகதாளியும், கடைகளில் விற்கும் டிரகன் பழத்தின் கொடியுமே உண்மையான கள்ளி இனம். இந்த இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆனால் நம் நாட்டின் ஈரக் காடுகளில் மரங்களில் தொற்றித் தொங்கும் ஒரே ஒரு வகை மட்டும் இயற்கையாகவே இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் வளர்கிறது. அல்லாஹ்வின் படைப்பில் எத்தனை விந்தை!

விதைக்கு அலைய வேண்டாம். ஒரு துண்டு டிரகன் பழம் போதும். சதையை மெல்லிய துணியில் கட்டிக் கசக்கிக் கழுவினால் கறுப்பு விதைகள் மிஞ்சும். அவற்றைக் கடதாசியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். பிள்ளைகளிடம் ஒப்படைக்க ஏற்ற வேலை இது.

நம் மண்ணில் என்ன குறை?

குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போனது. ஆனால் கள்ளி விதைக்கு அது மிக நுண்ணிய மண். நனைந்தால் குழையும், காய்ந்தால் இறுகும். தூசியளவு வேர் அதற்குள் மூச்சு முட்டிச் சாகும். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கள்ளியோ சற்றே அமிலத் தன்மையுள்ள, நீர் தேங்காத மண்ணை விரும்பும்.

பிற நாடுகளில் இதற்கு எரிமலைக் கல்லைப் பொடித்துச் சேர்ப்பார்கள். நமக்கு எரிமலையும் இல்லை, இறக்குமதிப் பொருளுக்குக் கொட்டிக் கொடுக்கப் பணமும் இல்லை. அதனால் கைக்கெட்டியதைப் பார்ப்போம்.

ஓடும் செங்கல்லும்: சூளையில் சுட்ட களிமண் நீரைச் சிறிது உறிஞ்சி வைத்து, மீதியை வழிய விடும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, அரிதட்டில் அரித்துத் தூளை நீக்குங்கள். அரிசி அளவுக் குறுணிதான் தேவை. ஒட்டியிருக்கும் சாந்தையும் சுண்ணாம்பையும் சுரண்டிவிட வேண்டும். கூரைத் தகட்டுத் துண்டுகளை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றில் பல அஸ்பெஸ்டஸ். உடைத்தால் கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

மணல்: கரடுமுரடான மணலே வேண்டும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு. சோதனை எளிது: ஒரு கரண்டி மணலில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது உதவாது. நுரைக்காத மணலையும் மூன்று நான்கு தரம் கழுவுங்கள்.

தும்புத்தூள்: தென்னந் தும்பு ஆலைகளில் மிஞ்சுவது. புத்தளம், சிலாபம் பக்கத்துத் தென்னை வளத்தால் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. உப்புப் போக ஊற வைத்துப் பிழிந்து சேருங்கள்.

சிரட்டைக்கரி: அடுப்பில் மிஞ்சிய கரியைப் பொடித்துச் சிறிதளவு கலக்கலாம். சாம்பல் வேண்டாம்; அது காரத்தைக் கூட்டும். எருவும் இப்போது வேண்டாம். முளைப் பருவத்தில் அது பூஞ்சணத்தையே வளர்க்கும்.

அளவு: ஓட்டுக் குறுணி இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, கரி அரைப் பங்கு.

எங்கே எடுக்கக் கூடாது?

இது முக்கியம், சகோதரிகளே. பூட்டிக் கிடக்கும் வளவுகளிலும் பற்றை மூடிய காணிகளிலும் மண் தோண்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு வந்ததை நாம் அறிவோம். ஒரு சட்டி மண்ணுக்காக ஒரு காலை இழக்கலாமா?

மணற்காட்டு மணற்குன்றுகளிலும் கை வைக்க வேண்டாம். கடலுக்கும் ஊருக்கும் நடுவே அவை அரணாக நிற்கின்றன. 2004 டிசெம்பர் 26இல் சுனாமி வடமராட்சி கிழக்கைத் தாக்கியதை மறந்துவிட முடியுமா? மணல் அகழ அரச அனுமதியும் தேவை. கட்டட வேலை நடக்கும் வீட்டில் கேட்டால் ஒரு வாளி மணல் தராமலா போவார்கள்? இடிந்த வீட்டு ஓடும் அப்படித்தான். சொந்தக்காரர் எங்கோ தூரத்தில் இருந்தாலும் அது அவருடைய ஹக். கேட்டு எடுங்கள். கேட்காமல் பறிபோனதன் வலியை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

விதைக்கும் முறை

மாரி மழை முடிந்த பெப்ரவரி ஏற்ற காலம். அதற்கு முன்பே கூரை நீரைப் போத்தல்களில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கலந்த மண்ணில் கொதிநீரை ஊற்றி ஆற விட்டால் பூஞ்சண வித்துகள் பெரும்பாலும் மடியும். அடியில் துளையிட்ட தயிர்க் கோப்பையில் மண்ணை நிரப்பி, விதைகளை மேலே தூவுங்கள். மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் தேவை. கோப்பையை மழைநீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து நனைய விடுங்கள். பிறகு மெல்லிய பொலித்தீனால் மூடி, நேர் வெயில் படாத கிடுகு நிழலில் வையுங்கள்.

ஒன்றிரண்டு கிழமையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். உடனே திறந்துவிடாதீர்கள். சில கிழமைகள் கழித்து, நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முள் அரும்பிய பிறகே தனித்தனியாகப் பிரித்து நட வேண்டும். அப்போது ஒரு பிடி செம்மண்ணும் மக்கிய எருவும் சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: நாகதாளித் துண்டுகளைக் கண்ட இடத்தில் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்விடும் செடி அது. 1860களில் இதன் இனத்துக் கள்ளி ஒன்றை அடக்க, இந்தியாவிலிருந்து ஒரு பூச்சியையே இலங்கைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விதையிலிருந்து வரும் கொடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அவசரக்காரர்கள் தண்டை வெட்டி நடுவதே மேல். ஆனால் நாம் நட்டதில் ஒரு பறவை உண்டாலும் அது தர்மமாக எழுதப்படும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். யார் உண்பார், எப்போது உண்பார் என்பது நம் கணக்கில் இல்லை.

இடிந்த சுவருக்குப் பக்கத்தில், அதன் ஓட்டுத் துண்டிலேயே வேரூன்றி ஒரு செடி நிற்கட்டும். இந்த வளவில் மறுபடியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அது தெருவுக்குச் சொல்லும், இன்ஷா அல்லாஹ்.