தண்டவாளத்தில் உறையும் தகைப்பு

1867ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் மலைச்சரிவில் 45 அடிக்கு ஓர் அடி என்னும் வீதத்திற் பாதை உயருகின்றது. ஏறும் இயந்திரத்தின் இழுவையையும், இறங்கும் வண்டிகளின் தடுப்பையும் தண்டவாளமே தாங்கவேண்டும். வண்டி சென்றபின் அது ஓய்ந்து கிடப்பதாகத் தோன்றும். உண்மை வேறு. சில்லுகள் நசுக்கிய மேற்பரப்பில் அமுக்கமும், அதற்கு ஈடாக உள்ளே இழுவிசையும் தங்கிவிடுகின்றன. இவ்வாறு எஞ்சும் விசையை எச்சத் தகைப்பு என்பர். உள்ளே உறையும் இழுவிசை வெடிப்புக்கு வழி திறக்கும். கண்ணுக்கோ அது புலப்படாது.

எக்ஸ்-கதிருக்குப் புலப்படும். உருக்கின் பளிங்குகளில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கதிர் எக்கோணத்தில் வலுவாகத் தெறிக்கின்றது என்பதைக் கொண்டு அடுக்குகளின் இடைவெளியைக் கணிக்கலாமென 1913ஆம் ஆண்டளவில் பிராக் என்னும் தந்தையும் மைந்தரும் காட்டினர். உருக்கை இழுத்தால் இழுத்த திசையில் இடைவெளி விரியும், அமுக்கினாற் குறுகும். பெருந் தகைப்பிலுங்கூட இம்மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஆதலின், துண்டைப் பல கோணங்களிற் சாய்த்துச் சாய்த்து இடைவெளியை அளந்து, அது மாறும் வீதத்திலிருந்து தகைப்பைக் கணிக்கின்றனர்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தண்டவாள உருக்கு ஒரே பொருளன்று. பெரைட்டு என்னும் மெல்லிய இரும்பும், சீமந்தைற்று என்னும் கடினமான இரும்புக் காபைட்டும் நுண்தகடுகளாக மாறிமாறி அடுக்கிய கலவை அது. ஒரே நுகத்திற் பூட்டிய இரு மாடுகளைப் போல இவை பாரத்தைப் பகிர்கின்றன. பாரம் மிகும்போது மென்மையான பெரைட்டு முதலில் நிலையாக நெளிந்து கொடுக்கும்; மிகுதியைச் சீமந்தைற்று சுமக்கும். பாரம் நீங்கியபின்னும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொன்றும் கதிரைத் தன் தன் கோணத்திலே தெறிப்பதால் இரண்டையும் வேறுவேறாக அளக்க இயலும். ஆனால் சீமந்தைற்றோ கனவளவில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு. அதன் தெறிப்பு மங்கலானது. ஆகவே பெரைட்டை மாத்திரம் அளந்து, அதையே தண்டவாளத்தின் தகைப்பென எழுதிவிடுவதும் உண்டு. ஒரு மாட்டை மட்டும் பார்த்து வண்டியின் பாரத்தைச் சொல்லும் செயல் அது. இரண்டையும் அளந்து, கனவளவுப் பங்கின்படி கூட்டுவதே முறை.

வழக்கமான ஆய்வுக்கூட எக்ஸ்-கதிர் உருக்கினுள் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவே செல்லும். ஆழத்தை அறியவேண்டின் மேற்படையை மின்பகுப்பினாற் கரைத்துக் கரைத்து அளக்கவேண்டும். அன்றேல் நியூத்திரன் கற்றையை நாடவேண்டும். தண்டவாளத்தைத் துண்டாக வெட்டும்போதே தகைப்பிற் சிறிது விடுபட்டுப்போகும். அந்த இழப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.