இரு வண்ணச் சால்வையும் லாட் எண்ணும்

உதகை, குன்னூர், கொடைக்கானல் பக்கம் மளிகையோடு கம்பளி நூலும் விற்கும் வணிக நண்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இரு வண்ணச் சால்வை பின்னுகிறவர் நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குவதில்லை. பாதி பின்னிய பிறகு, "இன்னும் இரண்டு சிவப்பு உருண்டை கொடுங்கள்" என்று வருவார். நாம் கொடுப்பதும் அதே நிற எண்தான். ஆனால் வேறொரு தடவை சாயம் ஏற்றிய சரக்காக இருக்கலாம். கடை டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பின்னி முடித்து வெயிலில் விரித்தால் கோடு கிழித்தாற்போல் வித்தியாசம் தெரியும். பல வார உழைப்பு வீண், பழி கடைக்காரருக்கு.

உருண்டையின் காகிதப் பட்டையில் நிற எண்ணோடு லாட் எண்ணும் இருக்கும். சரக்கு பிரிக்கும்போதே லாட் வாரியாக அடுக்குங்கள். பில்லிலும் அந்த எண்ணைக் குறித்துக் கொடுங்கள். அடிநிறத்தில் இரண்டு உருண்டை கூடுதலாகக் கொடுத்து, பட்டை பிரிக்காமல் மீந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதில் நமக்கு நஷ்டமில்லை.

வெள்ளையோடு அடர்சிவப்பு கேட்டால், சிவப்பு நூல்துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதைத் தள்ளுங்கள்.

லாட் உடைந்து தங்கிய ஒற்றை உருண்டைகளைத் தனிக்கூடையில் போட்டு, குழந்தைக் குல்லா பின்னுகிறவர்களுக்குச் சற்றுக் குறைத்துக் கொடுத்துவிடலாம்.