பகுத்துண்ணலும் கச்சானும்

எங்கள் கரையில் ‘கச்சான்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கடலோடிக்கு அது மேல்காற்று; பிள்ளைகளுக்கோ நிலக்கடலை. முன்னையது வலுத்து வீசும் மாதங்களில் வள்ளங்கள் பல கரையேறிக் கிடக்கும். பின்னையது ஆண்டு முழுதும் பள்ளிக்கூட வாயிலில் விற்கும். உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிக்குச் சென்றவர் கச்சான் வாங்காது திரும்புதல் அரிது.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பிலே பகுத்துண்ணலைப் பற்றி உருக்கமாகப் பாடம் நடத்தினேன். அன்று இடைவேளையிலேயே மாணவன் ஒருவன், தோழன் நீட்டிய கச்சான் அல்வாவில் ஒரு துண்டு தின்றான். சில நிமிடங்களில் உதடு வீங்கிற்று, உடலெங்கும் தடிப்பு, பின் மூச்சு இழுத்தது. “பூச்சி கடித்திருக்கும்” என்றார் ஒருவர். “இஞ்சித் தண்ணீர் கொடுங்கள்” என்றார் மற்றொருவர். நானோ அவனை எழுப்பி, முகம் கழுவிவர நடத்திச் சென்றேன். முச்சக்கர வண்டியில் மருத்துவமனை சேர்ந்து, தொடையில் அட்ரினலின் ஊசி ஏற்றிய பிறகே பிள்ளை தேறினான். “இந்நிலையில் எழுந்து நிற்பதே உயிருக்கு ஆபத்து, படுக்க வைத்துக் காலை உயர்த்தியிருக்க வேண்டும், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம்” என்றார் மருத்துவர். முப்பது ஆண்டு ஆசிரியனாயிருந்தும் இஃது அறிந்திலேன்.

தாய்க்கு அவனது ஒவ்வாமை முன்பே தெரியும். ‘நோயாளிப் பிள்ளை’ என்ற பெயர் வந்துவிடும் என்றஞ்சி மறைத்தாராம். அவரை நோவதெப்படி? நாங்களும் கேட்டதில்லை, எங்கள் சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஓர் இடமும் இருந்ததில்லை.

பிரெஞ்சு அறிஞர் சார்ள் றிஷே 1902இல், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி ஆராய்ந்தார். முதன்முறை தாங்கிய நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறிதளவு ஏற்றியதும் மாண்டது. உடலின் காவலே உடலைத் தாக்கும் இந்நிலைக்குக் ‘காப்புக்கு மாறானது’ என்னும் பொருள்பட ‘அனபிலக்சிஸ்’ எனப் பெயரிட்டார். அவருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. கச்சானை வறுத்தால் தீங்கு அகலும் என்பது பிழை. அதை அறுத்த கத்தியால் வேறு பண்டத்தை அறுப்பதுங்கூடச் சிலருக்குத் தீங்காகும்.

எம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்றே 2006 முதல் ஒரு சட்டம் உண்டு. இத்தகைய ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித்திட்டம் வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெறவேண்டும். நெருக்கடியில் அவரே ஊசி ஏற்றலாம். உணவு ஒவ்வாமையால் இறந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பெயரை அச்சட்டம் தாங்கியுள்ளது.

எங்கள் பள்ளியில் கச்சானையே தடைசெய்வோம் என்றனர் சிலர். நான் உடன்படவில்லை. வாயிலில் விற்கும் மூதாட்டியின் அடுப்பும் எரியவேண்டுமே! அன்றியும், இது மரமுந்திரிகை காய்க்கும் மாவட்டம், எதையெதைத் தடுப்பது? படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம். 1990 என்னும் அம்புலன்ஸ் எண்ணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதினோம். அவ்வகுப்பில் மட்டும், கேளாமல் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாதென்றேன்.

“சேர், பகிர்ந்து சாப்பிடச் சொன்னீங்களே?” என்றான் ஒருவன். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை.

அல்வா கொடுத்த அந்தத் தோழன் பல நாள் யாருடனும் பேசாதிருந்தான். இப்போது எந்தப் பொதி பிரிந்தாலும், “இதுல கச்சான் இருக்கா?” என்று முதலில் கேட்பவன் அவனே.