கையுறை பக்டரியில் பிரஷ் என்ன வேலை செய்கிறது?

போன மாதம் ஒரு தாயார் எங்களிடம் வந்து மனக்குறையோடு பேசினார். "ஓ லெவல் வரைக்கும் படிக்க வச்சு, கொழும்புப் பக்கம் குளோஸ் பக்டரிக்கு அனுப்பினோம். புள்ள போன்ல பேசுறப்ப பிரஷ் லைன்ல நிக்கிறேன்னு சொல்லுது. கூட்டுற வேலைக்கா இவ்வளவு தூரம் போச்சு?" என்றார். கூட்டுற வேலை இல்லை அம்மா என்று அன்றைக்குச் சொன்னோம். ராகலையிலிருந்து பிள்ளைகளை அப்படி அனுப்பியிருக்கிற மற்ற வீடுகளுக்காகவும் இதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறோம்.

நமது குளிரில் இறப்பர் மரம் வராது. கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி பக்கம்தான் அது. அங்கே வெட்டி எடுக்கும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இறப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். இயந்திரத்தில் சுற்றி, இறப்பர் நூற்றுக்கு 60 ஆகும்படி கெட்டியாக்கி, கெட்டுப் போகாமல் அமோனியா சேர்த்துப் பக்டரிக்கு அனுப்புகிறார்கள். ஹேலீஸ் குழுமத்தின் டிப்ட் புரொடக்ட்ஸ் கம்பனி 1976இல் தொடங்கப்பட்டது. பியகம வலயத்தில் அன்செல் கம்பனியின் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டுமே கையுறை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவை.

கையுறையைத் தைப்பதில்லை, தோய்த்து எடுக்கிறார்கள். மனுசக் கை போலவே பீங்கானில் செய்த அச்சுக்கள் நீளமான சங்கிலியில் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். முதலில் கல்சியம் நைத்திரேற்று கலந்த தண்ணீரில் முங்கும். பாலில் தேசிக்காய் பிழிந்தால் திரைகிறதல்லவா, அதுபோல இந்த மருந்து இறப்பர் பாலை அச்சின் மேல் திரைய வைக்கும். பிறகு பால் தொட்டி, சூட்டு அடுப்பு, சுடுதண்ணீர், மறுபடி அடுப்பு. கடைசியில் கையுறையை உரித்து எடுத்துவிட்டு, அதே அச்சு திரும்பவும் முதல் தொட்டிக்குப் போகும்.

பிரஷ் வருவது இரண்டு இடத்தில். உரித்த அச்சில் பழைய இறப்பரும் மருந்துக் கறையும் ஒட்டியிருக்கும். அமிலம், காரம் உள்ள தொட்டிகளில் கழுவி, உருளை போன்ற நைலோன் பிரஷ்களுக்கு நடுவே விடுவார்கள். அவை சுழன்று விரல் இடுக்கு வரை தேய்க்கும். பிரஷின் மயிர் தேய்ந்தோ மடங்கியோ போனால் அழுக்கு நிற்கும். அழுக்கு நின்ற இடத்தில் அடுத்த கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மாதிரிக் கையுறைகளில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவின் கைக்கும் நோயாளியின் இரத்தத்துக்கும் நடுவில் இருப்பது அந்த மெல்லிய தோல் மட்டுமே.

இரண்டாவது இடம் மணிக்கட்டு ஓரம். அங்கே வளையம் மாதிரி ஒரு சுருட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் முழுதும் காயாமல் மெதுவாக இருக்கும்போதே, சுழலும் பிரஷ் அதன் விளிம்பைத் தேய்த்து உருட்டிவிடும். சரியான சாய்வில் பிரஷ் இல்லாவிட்டால் வளையம் கோணிப் போகும், கையுறை போடும்போது ஓரம் கிழியும். இதைக் கவனித்து நிற்பதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. கண் வேண்டும், பொறுமை வேண்டும்.

பயப்பட வேண்டிய விசயமும் இங்கேதான். பிரஷ் மிருதுவாகத் தெரியும். ஆனால் அதைச் சுற்றுகிற மோட்டருக்கு இரக்கம் கிடையாது. ஒட்டிய இறப்பரை எடுக்கலாம் என்று ஓடும்போதே கையை நீட்டினால் சட்டைக் கை, முடி, துப்பட்டா எதுவும் சுற்றிக்கொள்ளும். கையுறை செய்கிற இடத்திலேயே, சுழலும் பிரஷ் பக்கத்தில் தொளதொள என்று கையுறை போட்டுக்கொண்டு நிற்பதும் ஆபத்து. நமது ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதனால் எவ்வளவு சின்னக் காயமானாலும் அன்றைக்கே சொல்லிப் பதிய வைக்க வேண்டும். "வேலை போயிடும்" என்று மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைத்தால் பிறகு கேட்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

அந்தத் தாயார் அன்றிரவே மகளுக்குப் போன் எடுத்து, பிரஷுக்குத் தடுப்பு இருக்கா என்று கேட்டாராம். "இருக்கும்மா, கழுவுறப்ப மட்டும் கழட்டுவாங்க" என்றாளாம். கழட்டும்போது சுவிட்சை நிறுத்துவது யார் என்று அடுத்த முறை கேட்கச் சொல்லியிருக்கிறோம்.