கைக்கருவிக் கணக்கும் மீனவர் செயலியும்

இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் அடங்கியது. தென்கோடி மாத்திரம் நமது திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியிறங்க, இவ்விரண்டின் கலப்பிலே இறாலும் நண்டும் மடவையும் விளைகின்றன. இவ்விளைவைக் கொண்டே கரையிலுள்ள குப்பங்கள் பிழைத்து வருகின்றன.

இங்குள்ள மீனவருக்குக் கணக்கெடுத்தல் புதிய வித்தையன்று. ஏரியில் வலை வைக்கும் இடங்களை அவர்கள் 'பாடு' என்று வழங்குவர். பாட்டுக்கு உரிமையுடைய தலைக்கட்டுகள் எத்தனை, எந்த இடம் எவர் முறை, எந்த நாள் எவர் நாள் என்பதைக் கிராமத்தார் கூடித் தீர்மானித்து, அதன்படியே நடந்து வருகின்றனர். தலைக்கட்டைச் சரியாக எண்ணாவிடில் ஒருவன் பங்கு மற்றொருவனுக்குப் போய்விடும்; சண்டையும் மூளும். எண்ணுவது எவ்வளவு அவசியமோ, எதை எண்ணுகிறோம் என்பதும் அவ்வளவு அவசியம் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றனர். கைபேசிச் செயலிகளைச் சமைத்துக் கொடுக்கும் நிபுணர்களுக்கு இந்த ஞானம் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

செயலி சமைப்போர் முதலில் கேட்கும் கேள்வி, ஜனங்கள் கையிலிருக்கும் கருவி எத்தகையது என்பதே. எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எவ்வளவு நினைவகம், எவ்வளவு பெரிய திரை, எந்தப் பாஷை என்னும் விவரங்களை அவர்கள் சதவிகிதக் கணக்காக வைத்துக் கொள்கின்றனர். செயலியை வழங்கும் கூகுள் பிளே கடையே, அதை ஏற்றிக் கொண்டவர்களின் கருவிகளைப் பற்றிய புள்ளிவிவரத்தைச் செயலியின் சொந்தக்காரருக்குக் காட்டுகிறது. இன்ன பதிப்புக்குக் கீழ்ப்பட்ட கருவிகளில் இச்செயலி ஓடவேண்டியதில்லை என்று ஓர் எல்லைக்கோடு கிழிப்பதற்கு அக்கணக்கே ஆதாரம். எல்லையை உயர்த்தினால் வேலை சுலபமாகும், செலவு குறையும். ஆனால் கோட்டுக்குக் கீழே நின்றவன் கருவியில் அன்று முதல் செயலி புதுப்பிக்கப்படாது. பட்டணத்தில் இது சிறிய அசௌகரியம். காற்று எழும் வேளையில் முகத்துவாரத்தைக் கடந்து நிற்பவனுக்கு அப்படியன்று.

ஒரு செயலியின் சரித்திரம்

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டிலேயே நல்ல படிப்பினை ஒன்று உண்டு. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ம் வருஷத்தில் 'மீனவ நண்பன்' என்று பொருள்படும் ஃபிஷர் ஃபிரண்ட் என்னும் திட்டத்தைத் துவக்கியது. குவால்காம் கம்பெனியாரும் டாட்டா டெலிசர்வீசஸ் கம்பெனியாரும் அதில் பங்கு கொண்டனர். அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், சந்தை விலை ஆகியவற்றை மீனவர் தம் கைபேசியிலே தமிழில் காணலாயினர். கடலைப் பற்றிய செய்திகளை அளித்தது ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம். செயற்கைக்கோள்கள் அளந்தனுப்பும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு மீன் கூடக்கூடிய இடங்களை இம்மையம் கணித்துச் சொல்லி வருகிறது.

அச்செயலி முதலில் சி.டி.எம்.ஏ. வகைக் கைபேசிகளில், குவால்காம் வகுத்த 'புரூ' என்னும் அமைப்பின்மேல் எழுப்பப்பட்டது. அன்றைக்கு அது பிழையென்று கூற இடமில்லை. பொத்தான் வைத்த சிறிய கைபேசியில் இவ்வளவும் செய்ததே பெரிய காரியம். ஆயினும் கருவிகளின் ஆயுள் அற்பம். சில வருஷங்களில் ஆண்ட்ராய்டுக் கைபேசிகள் மலிந்து கரையெங்கும் பரவின. சி.டி.எம்.ஏ. சேவை இந்நாட்டில் தேய்ந்து மறைந்தது. டாட்டா கம்பெனியாரின் செல்பேசி வியாபாரமும் 2019-ம் வருஷத்தில் ஏர்டெல்லுடன் இணைந்துவிட்டது. ஃபிஷர் ஃபிரண்டோ அதற்கு முன்னரே ஆண்ட்ராய்டுக்கு மாற்றி எழுதப்பட்டது. அதனால்தான் அது இன்றும் உயிரோடிருந்து, தமிழ், தெலுங்கு முதலிய பல பாஷைகளில் வழங்கி வருகிறது. சர்வதேச எல்லைக் கோட்டை நெருங்கும்போது எச்சரித்தல், படகு சென்ற வழியைக் குறித்தல், ஆபத்தில் உதவிக்கு அழைத்தல் ஆகிய வசதிகளும் பின்னர் அதிற் சேர்ந்தன.

கரையில் எந்தக் கருவி ஏறுகிறது, எது இறங்குகிறது என்று காலாகாலத்தில் கவனிப்பவன் செயலி பிழைக்கும். கவனியாதவன் செயலி கருவியோடு சேர்ந்து புதையும். கணக்கின் பிரயோஜனம் இவ்வளவு தெளிவாயிருக்க, அதில் தவறு நேர்வது எங்ஙனம் என்று வாசகர்கள் வினவலாம். தவறு பெரும்பாலும் கூட்டலில் இல்லை.

கணக்கில் அகப்படாதவர்கள்

ஒருவன் வலையை இழுத்துக் கரையில் கொட்டி, அதிலுள்ள மீன்களை அளந்து பார்த்து, ஏரியில் இவ்வளவுக்குக் குறைந்த மீனே இல்லை என்று சொன்னால், குப்பத்துச் சிறுவனும் நகைப்பான். வலைக்கண்ணின் அளவுதான் அப்படிச் சொல்லுகிறது. செயலியின் சொந்தக்காரர் காணும் புள்ளிவிவரமும் இத்தகையதே. செயலியை ஏற்றிக் கொள்ள முடிந்தவர்களின் கருவிகள்தாம் அதில் வரும். பொத்தான் போன் வைத்திருப்பவன் அதில் இல்லை. 2017-ல் வெளிவந்து ஏழைகளிடையே பரவிய ஜியோ போனும் இல்லை; அது காய் ஓ.எஸ். என்னும் வேறு அமைப்பைக் கொண்டதாகையால் ஆண்ட்ராய்டுச் செயலிகள் அதில் ஓடமாட்டா. பழைய ஆண்ட்ராய்டில் ஏற்றிப் பார்த்து, இடமில்லை என்று கருவி மறுக்க, விட்டுவிட்டவனும் இல்லை. இவர்களெல்லாம் விடுபட்ட கணக்கைப் பார்த்து, பழைய கருவி வைத்திருப்போர் மிகச் சிலரே, எல்லையை உயர்த்துவோம் என்று தீர்மானித்தால், அடுத்த வருஷக் கணக்கில் அவர்கள் இன்னும் குறைந்து காணப்படுவர். அதைக் கண்டு எல்லை மறுபடியும் உயரும். கணக்கே தனக்குச் சாட்சியாகிவிடும்.

இரண்டாவது, கருவி வேறு, ஆள் வேறு. பழவேற்காட்டுக் கரையில் ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். தகப்பனார் ஏரிக்குச் செல்லும்போது பழைய பொத்தான் போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியில் வைத்துக் கொள்ளுகிறார். நனைந்தாலும் போவது சொற்பம். ஸ்மார்ட்போன் ஒன்று உண்டு. அது பொன்னேரியில் படிக்கும் மகனிடம் இருக்கிறது. மாலையில் அவன் வீடு திரும்பியதும், தாயார் அதை வாங்கி மறுநாள் இறால் விலையை வியாபாரியிடம் விசாரிக்கிறார். இரவில் தகப்பனார், நாளைக் காற்று எப்படி என்று பார்த்துச் சொல்லடா என்கிறார். புள்ளிவிவரத்திலோ இவ்வீடு முழுவதும் பொன்னேரியில் இருக்கும் ஒரு வாலிபனாகத் தோன்றும். அவனுக்குப் பிடித்தமான வண்ணப் படங்களைச் சேர்த்துச் செயலியைப் பெரிதாக்கினால், தாயும் தகப்பனும் அடைந்த பயன் என்ன? ஸ்திரீகளின் நிலைமையைத் தனியே சொல்ல வேண்டும். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே உபயோகிக்கும் கைபேசியை உடைய ஸ்திரீகள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 54 பேரே. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் ஸ்திரீகளைக் கைக்கருவிக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று செயலி சமைப்போர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பாஷை விஷயத்திலும் இதே மயக்கம். கடையில் வாங்கியபடியே இங்கிலீஷில் அமைந்த கருவியை மாற்றாமல் வைத்திருப்போர் அனேகர். மாற்றத் தெரியாமையே காரணம். கணக்கோ, இவர்கள் இங்கிலீஷை விரும்புகிறார்கள் என்று கூறும். ஏரியின் வடபுறத்தில் தெலுங்கும் தென்புறத்தில் தமிழும் பேசும் ஜனங்களைப் பற்றி இதைவிடப் பொய்யான செய்தி இருக்க முடியாது.

குறைவாக உபயோகிப்பதால் வேண்டாததாகுமா?

கருவியின் கணக்கோடு, செயலியின் எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கும் எடுக்கப்படுகிறது. திறக்கப்படாத பக்கங்களை நீக்கிவிட்டால் செயலி இலேசாகும். பழைய கருவியிலும் ஓடும். யோசனை நல்லதே. ஆயினும் ஆபத்தில் அழைக்கும் பொத்தானை ஒருவன் தன் ஆயுளில் ஒரு முறைகூட அழுத்தாமலிருக்கலாம். அழுத்தாமலிருப்பதே அவன் பாக்கியம். கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண் எத்தனை நாள் உபயோகப்படவில்லை என்று பார்த்து எவரும் அதை எடுத்துவிடுவதில்லை. புயல் எச்சரிக்கையும் அவ்வாறே. வருஷத்தில் பத்து மாதம் தூங்கி, ஐப்பசி கார்த்திகையில் விழிக்கும் பக்கம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இக்கரையை ஒட்டிச் சென்று சென்னையையும் சுற்றுப்புறத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதை இப்பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. ஆனி மாதத்தில் எடுத்த கணக்கைக் கொண்டு அதன் மதிப்பை நிர்ணயிப்பது, கோடையில் ஏரியைப் பார்த்து அதன் ஆழத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மாதம் பார்த்தல் இன்னொரு வகையிலும் வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. அந்நாட்களில் கரையோரக் கணக்கு முழுவதும் இறங்கிக் காணப்பட்டால், அது செயலியின் குற்றமன்று. பழவேற்காட்டு ஏரியிலோ நாட்டுப்படகுகள் அப்போதும் நடமாடும். மாகாணம் முழுமைக்கும் சேர்த்து எடுத்த ஒரே சராசரியில், இறங்கிய துறைமுகங்களுக்கிடையே இறங்காத இந்தக் குப்பங்கள் மறைந்து போகும். மேலும் மீன் கூடும் இடத்தைச் சொல்லும் பக்கம் கடலுக்குச் செல்வோருக்கே உரியது. ஏரிக்காரர் அதைத் திறவாமை அசட்டையால் அன்று. அவர்களுக்கு வேண்டுவன காற்றும், மழையும், நீரேற்றமும், முகத்துவாரம் மணலால் தூர்ந்துள்ளதா திறந்துள்ளதா என்னும் செய்தியும், அன்றைய நண்டு விலையும் ஆகும். செயலியில் இல்லாத ஒன்றை எத்தனை பேர் தேடினர் என்று எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

கருவியே எட்டாத இடமும் உண்டு. கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கிலோமீட்டருக்கு அப்பால் செல்பேசிக் கோபுரத்தின் சக்தி செல்லுவதில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலிலிருந்த படகுகளுக்குச் செய்தி சேராமற்போன துயரம் இதனால் விளைந்தது. அதன் பின்னர், 2019-ல் இன்காய்ஸ் மையத்தார் ஜெமினி என்னும் சிறு பெட்டியை வெளியிட்டனர். அது செயற்கைக்கோளிலிருந்து நேரே செய்தியை வாங்கிப் பக்கத்திலுள்ள கைபேசிக்குக் கொடுக்கும்.

எல்லார் கையிலும் உள்ள கருவி எதுவென்று தேடினால், சில சமயம் அது கையில் இராது. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் மேற்கண்ட ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையம், அலை உயரத்தைக் கம்ப்யூட்டரில் பெற்றுக் கடற்கரையில் ஒலிபெருக்கியில் அறிவித்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்த உறவினர் தொலைபேசியில் கொடுத்த எச்சரிக்கையை ஒலிபெருக்கியின் மூலமே ஊருக்கு உரைத்து ஜனங்களை வெளியேற்றினர். செயலியிலிருந்து வரும் எச்சரிக்கையைக் கோவில் ஒலிபெருக்கியில் படிக்க ஒருவரை நியமித்துவிட்டால், பொத்தான் போன்காரரும் போனே இல்லாதவரும் ஒருங்கே கணக்கிற்குள் வந்துவிடுவர்.

குப்பத்தில் கணக்கெடுக்கும் முறை

ஆகையால் கடையார் தரும் புள்ளிவிவரத்தோடு, வீடுதோறும் எடுக்கும் கணக்கு ஒன்றும் வேண்டும். 2018-ம் வருஷம் துவக்கப்பட்ட உழவன் செயலியை ஜனங்களிடையே பரப்பும் நம் இலாகா சிப்பந்திகளுக்கும் இம்முறை உபயோகமாகும். ஒரு நோட்டுப்புஸ்தகமே போதுமானது. வீட்டில் எத்தனை கருவி, பொத்தானா தொடுதிரையா என்று முதலில் எழுதுக. தொடுதிரையாயின் அமைப்புகள் என்னும் பகுதியில் 'போனைப் பற்றி' என்ற இடத்தைத் திறந்து ஆண்ட்ராய்டுப் பதிப்பையும், மிச்சமுள்ள இடத்தையும் குறிக்கவேண்டும். பதிப்பின் எண் சிறிய விஷயமன்று: 2023-ல் கூகுள் கம்பெனியார் ஆண்ட்ராய்டு 4.4-க்குத் தம் அடிப்படைச் சேவைகளைப் புதுப்பிப்பதை நிறுத்தினர். அதே வருஷத்தில் வாட்சப்பும் 5.0-க்குக் கீழ்ப்பட்ட கருவிகளைக் கைவிட்டது. பின்னர், பகலில் அக்கருவி யார் கையில் இருக்கிறது, படகில் ஏறுகிறதா கரையில் தங்குகிறதா, ஏரி நடுவில் எவ்விடம் வரை கோபுரத்தின் சக்தி எட்டுகிறது என்று விசாரிக்கவேண்டும். வெயிலில் திரை தெரிகிறதா என்பதையும் கேட்பது நலம். மேஜையின்முன் அமர்ந்து செயலி சமைப்பவருக்கு இது தோன்றுவதேயில்லை.

விசாரிக்கையில் ஓர் எச்சரிக்கை. மீன் அகப்படும் இடம் மீனவனின் சொத்து. அதைப் பக்கத்து வீட்டானுக்கும் அவன் சொல்லமாட்டான். படகு சென்ற வழியைக் கருவி குறித்து எங்கோ அனுப்புகிறது என்று அறிந்தால் செயலியையே எடுத்தெறிந்துவிடுவான், அது நியாயமே. 2023-ம் வருஷத்து மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் விவரத்தை எடுக்குமுன் எதற்கென்று சொல்லிச் சம்மதம் பெறவேண்டும் என்கிறது. எந்த விவரம் வெளியே போகிறது, எது கருவியிலேயே தங்குகிறது என்று தமிழில் விளங்கச் சொன்னபின்னரே நோட்டுப்புஸ்தகத்தைத் திறக்கவேண்டும்.

வருஷத்திற்கு இரண்டு முறை எடுத்தால் போதும். தீபாவளிக்குப்பின் புதுக்கருவிகள் வீட்டிற்கு வந்து, பழையவை தகப்பனார் கைக்கு இறங்கும். ஆகவே அதற்கடுத்த மாதம் ஒரு கணக்கு அவசியம். நாள் தெரிந்தெடுப்பதற்குக் கிராமத்தாரின் பாட்டு முறையே உதவும். தன் முறை இல்லாத நாளில் மீனவன் கரையில் அமர்ந்து வலை பொத்திக் கொண்டிருப்பான். அவ்வேளையில் போய்க் கேட்டால் கருவியை எடுத்துக் காட்டவும், அதிலுள்ள குறைகளைச் சாவகாசமாகச் சொல்லவும் அவனுக்குப் பொழுதுண்டு.