நெடும்பயணமும் சிறுகுழவியும்

பாளையங்கோட்டையினின்று சென்னைக்கு மோட்டார் வண்டியிற் செல்வார் 600 கிலோமீட்டருக்கு மேல் கடத்தல் வேண்டும். முதியோர்க்கே அலுப்பூட்டும் இவ்வழி இரண்டு வயதுக் குழவிக்கு எத்துணைக் கொடிதென்பதை, சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் எமக்குக் கற்பித்தான்.

கோவிற்பட்டியைக் கடக்குமுன்னரே அழலாயினான். இரக்கம் மேலிட, யான் அவனைக் குழந்தையிருக்கையின் வாரினின்று விடுவித்து மடிமீது இருத்தினேன். ஆடொன்று குறுக்கிடவே வண்டி திடீரென நின்றது. அவன் நெற்றி முன்னிருக்கையில் மோதி வீங்கிற்று. நல்லகாலம், வேறு தீங்கு நேர்ந்திலது. வண்டி நிற்பினும் உள்ளிருக்கும் உடல் முன்னை விரைவோடே செல்லும். எத்துணை இறுகப் பற்றினும் கை அதனைத் தாங்காது. ஆதலின் வாரை அவிழ்த்தல் வழியன்று.

பின் செய்யற்பாலது யாது? நடைபயிலும் பருவத்தானைக் கட்டிவைத்தலே அழுகைக்குக் காரணம். காலுக்கில்லாத வேலையைக் கைக்கும் கண்ணுக்கும் தருதல் வேண்டும். பிள்ளைத்தமிழ் பயின்ற எனக்குச் சப்பாணிப் பருவம் நினைவிற்கு வந்தது. கைகொட்டலை இருந்தவாறே ஆடலாமன்றோ? யான் கொட்ட அவன் கொட்ட, மதுரை வந்தது. இடையிடையே வண்டியை நிறுத்தி ஓடவும் விட்டோம். கைப்பேசியிற் படங்காட்டலாமே எனின், அதனையே உற்று நோக்குங்கால், அசைவில்லையெனக் கண்ணும் உண்டென உட்செவியும் மாறுபட உணர்த்தலின் குமட்டல் உண்டாகும்.

விழுப்புரத்தருகே நிலா எழுந்தது. நூல்களில் அம்புலியைக் குழவியோடு ஆட வருமாறு அழைப்பர். ஈண்டோ அஃது அழையாமலே உடன்வந்தது. ஏறக்குறைய 3,84,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ளதாகலின், மரமும் கம்பமும் பின்னோட, நிலா மட்டும் நம்மோடு வருவதாய்த் தோன்றும். “மாமா, நிலா வருது!” என்றவன், திண்டிவனம் வரை அதனையே நோக்கியிருந்து உறங்கிப்போனான்.